காரணமற்ற காயங்கள்

நேற்று எடுத்த புகைப்படத்தை நூறாண்டுப் பழமை உடையதுபோல் சிதைத்துக் காட்டும் வித்தை, போட்டோஷாப்பில் 1994-இல் லேயர் என்னும் அடுக்குமுறை வந்தபின் மிகவும் எளிதாகிவிட்டது. கறுப்புப் பின்னணியில் வெண்கீறல்கள் கொண்ட படத்தை மேலே வைத்து ‘ஸ்கிரீன்’ முறையைத் தேர்ந்தால் கறுப்பு மறைந்து கீறல்கள் மட்டும் நிற்கும். கறைபட்ட காகிதத்தின் படத்தை ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தால் வெண்மை மறைந்து கறை மட்டும் இறங்கும். மூலப்படம் அணுவளவும் கெடுவதில்லை. திரைப்படத்துக்கு ஒரு பழைய குடும்பப்படம் வேண்டுமென்றால், யார் வீட்டுப் படத்தையும் பாழாக்கத் தேவையில்லை என்பது பேருபகாரமே.

ஆயினும் இப்படங்களில் பெரும்பாலானவை என் கண்ணுக்குப் பொய்யாகவே படுகின்றன. எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த பாட்டியின் கல்யாணப்படத்தை ஒருமுறை சட்டத்திலிருந்து கழற்றினேன். சுவரின் ஈரம் ஏறிய கீழ்மூலையில் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்த இடத்தில் உரிந்து, அடியிலிருந்த வெள்ளைக் காகிதத்தைக் காட்டிற்று. சாய்த்துப் பார்த்தபோது, ஓரங்களில், அதிலும் கருமை அடர்ந்த பகுதிகளில் மட்டும், வெள்ளி மேலெழுந்து நீலச் சாயலோடு மின்னிற்று. ஒவ்வொரு சேதமும் தனக்குரிய காரணத்தோடு தனக்குரிய இடத்தில் இருந்தது.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரே கீறல்படத்தை மேலே போர்த்துகிறவர்கள் இந்தக் கிரமத்தை அறவே மறந்துவிடுகிறார்கள். நெடுக்காக ஓடும் கீறல்கள் கருவிக்குள் ஓடித் தேய்ந்த சினிமாச் சுருளுக்குரியவை. சட்டமிட்ட படத்தில் அவற்றுக்கு என்ன வேலை? முதுமையின் அடையாளமாக எங்கும் பூசப்படும் செபியாப் பழுப்போ, வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றிப் படத்துக்கு நீடித்த ஆயுளைத் தருவதற்கும் கையாளப்பட்ட நிறமாகும். மாறாக, படத்தின் கருமையையே மாஸ்க் என்னும் மறைப்பாகக் கொண்டு ஓரங்களில் மட்டும் நீலச்சாம்பலைத் தடவுகிறவரும், மடிப்பு விரிசலின் இருபுறமும் உருவத்தை மயிரிழையளவு விலக்கி வைக்கிறவரும் காரணத்தை அறிந்து காரியம் செய்கிறவர்கள். அவர்கள் வேலையை நான் மனமார வணங்குகிறேன்.

அவர்களிடமும் ஒரு குறை கண்டேன். முகத்தில் விழும் சேதத்தை மட்டும் மாஸ்கால் அழித்துவிடுகிறார்கள். பார்க்கிறவருக்கு முகம் தெரியவேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரியாததன்று. ஆனால் கீழ்மூலையில் தொடங்கிய அந்த ஈரம் தாத்தாவின் வேட்டிக்கரையைக் கடந்து, பாட்டியின் மாலையைக் கடந்து, அவள் இடக்கன்னம்வரை ஏறியிருந்தது.