வியர்வையைத் துடைக்கும் படங்கள்

பள்ளி விளையாட்டு விழா முடிந்த சில நாட்களில் புகைப்படங்கள் வந்து சேரும். ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தொடும் ஒரு மாணவியின் படத்தை எண்ணிப் பாருங்கள். முகத்தில் ஒரு பருவும் இல்லை. நெற்றியில் ஒரு துளி வியர்வையும் இல்லை. வானம் அன்று இருந்ததைவிட நீலமாக இருக்கிறது. பின்னால் ஓடிவந்த நால்வரில் ஒருத்தியைக் காணோம். படத்திற்கு இடைஞ்சல் என்று நீக்கிவிட்டார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எந்த ஓட்டத்தின் படம்?

படத்தைத் திருத்துவது புதிய பழக்கமன்று. பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர் நெகடிவின் மீது கூரிய பென்சிலால் நுண்கோடுகள் இடுவார். முகச் சுருக்கம் நெகடிவில் ஒளி எளிதில் ஊடுருவும் கோடாக இருக்கும். அங்கே பென்சில் கரி படிந்தால் அச்சுத்தாளுக்குச் செல்லும் ஒளி குறையும்; அவ்விடம் வெளுத்து, சுருக்கம் மறையும். பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை அது. இன்று கைப்பேசி அதை நொடியில் செய்துவிடுகிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு பழைய நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது 19ஆம் நூற்றாண்டில் தீராத கேள்வியாக இருந்தது. 1877இல் எட்வர்டு மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர், விரைந்து ஓடும் குதிரையின் படம் ஒன்றை வெளியிட்டார். அது பெரிதும் திருத்தப்பட்ட படம். பத்திரிகைகள் அதை நம்பவில்லை. அடுத்த ஆண்டு, 1878 ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பந்தயத் திடலில் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, பத்திரிகையாளர் கண் முன்னாலேயே படமெடுத்தார். அதன் பிறகே ஐயம் நீங்கியது. திருத்திய படம் உண்மையைச் சொன்னாலும் சான்றாக நிற்காது என்பதே இதன் பாடம்.

அப்படியானால் எல்லாத் திருத்தமும் பொய்யா? அன்று. மின்விளக்கின் கீழ் நடக்கும் கபடிப் போட்டியில் வெள்ளைச் சட்டை படத்தில் மஞ்சளாக விழக்கூடும். நம் மூளை அந்த மஞ்சளைக் கழித்துப் பார்க்கிறது. காமிரா எப்போதும் அப்படிச் செய்வதில்லை. எனவே நிறத்தைச் சரிசெய்வது நாம் கண்டதை மீட்பதே ஆகும். சாய்ந்த படத்தை நிமிர்த்துவதும், இருண்ட படத்தைச் சற்று வெளிச்சமாக்குவதும் இத்தகையனவே.

ஆனால் கூர்மையாக்குவதில் கவனம் வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒரு மாணவன் காமிராவுக்குக் குறுக்கே ஓடுகிறான் என்று கொள்வோம். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அவன் 8 மில்லிமீட்டரே நகர்வான். 1/60 நொடி திறந்திருந்தால் 13 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான், படம் கலங்கிவிடும். சாதாரணக் கூர்மையாக்கல் விளிம்புகளின் கறுப்பு வெளுப்பு வேறுபாட்டை மிகுவிக்கிறது, அவ்வளவே. செயற்கை நுண்ணறிவு மென்பொருளோ, தான் கற்ற படங்களைக் கொண்டு, இங்கே இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. கலங்கிய சட்டை எண்ணை அது 3 என்று தெளிவாகக் காட்டலாம். உண்மையில் அது 8 ஆக இருந்திருக்கலாம்.

முகத்தை மென்மையாக்கும் கருவி, அடுத்தடுத்த படப்புள்ளிகளின் வேறுபாட்டைக் குறைத்துச் சராசரியாக்குகிறது. பருவோடு வியர்வையின் பளபளப்பும் போய்விடுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பரு, வளரிளம் பருவத்தின் இயக்குநீர்கள் செய்யும் வேலை. இவை குறைகள் அல்ல. உழைத்த உடலின், வளரும் உடலின் அடையாளங்கள். இவற்றைக் கேளாமலே அழித்தால், 'நீ இருக்கிறபடி இருந்தால் போதாது' என்று அப்பிள்ளையிடம் சொல்கிறோம்.

2021இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி, ஆண்டுமலரில் 80 மாணவியரின் படங்களை, மார்புப் பகுதியை மறைக்கும் வகையில் திருத்தி அச்சிட்டது. நீச்சல் உடையிலிருந்த மாணவர்களின் படமோ அப்படியே இருந்தது. மாணவியரும் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். அவர்கள் சினத்தில் நியாயம் இருக்கிறது.

எல்லையை எங்கே வகுப்பது? 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' அமைப்பு 2010இல் விளையாட்டுப் பிரிவில் பரிசு பெற்ற ஒருவரைத் தகுதி நீக்கம் செய்தது. அவர் தம் படத்தைப் பெருமளவு வெட்டிச் சிறிதாக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். நீக்கத்திற்கு அவை காரணமல்ல. கட்டுப் போடும் கையின் விரல்களுக்கிடையே தெரிந்த வேறொருவரின் பாதத்தின் சிறு பகுதியை அழித்திருந்தார், அதுவே குற்றமாயிற்று. அற்பமாகத் தோன்றினாலும் இத்தீர்ப்பு சரியானதே. ஒளி காமிராவில் பதித்ததை எடுத்துக்காட்டலாம், இருந்ததை இல்லாததாக்கலாகாது.

பெற்றோர் விரும்புகிறார்களே என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதுண்டு. வீட்டுச் சுவரில் மாட்டும் தனிப்படத்தில், பிள்ளையும் விரும்பினால், ஒரு பருவை மறைப்பதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் பள்ளி மலரிலும் அறிவிப்புப் பலகையிலும் இடம்பெறும் போட்டிப் படம் ஒரு வரலாற்றுக் குறிப்பு. அதில் ஆளை நீக்குவதும் உடலை மாற்றுவதும் கூடா.

உங்கள் பள்ளியில் படமெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் ஒன்று செய்யுங்கள். திருத்தாத மூலப்படத்தை அழிக்காமல் சேமித்து வையுங்கள். திருத்தியதை வெளியிட்டால், திருத்தியது என்று கீழே எழுதுங்கள். பல ஆண்டுகள் கழித்து, கடைசியாக வந்த அந்த மாணவியும் படத்தைத் தேடி வரக்கூடும். அவளும் அன்று ஓடினாள்.