பொறி பேசும் தமிழ்: இனிமையும் இயல்பும்

தமிழ் பேசும் பொறிகள் இன்று புதுமையல்ல. கைப்பேசியில் ஒரு செய்தியைத் தொட்டால் அது படித்துக் காட்டுகின்றது. கண்ணொளி இழந்தோர் கணினித் திரையைக் காதால் அறிகின்றனர். பாட விளக்கங்களிலும் விளம்பரங்களிலும் பொறிக்குரல் ஒலிக்கின்றது. அக்குரல் மனிதர் பேசுவது போலவே இயல்பாய் அமைதல் வேண்டும் என்னும் வேட்கை, அதனை உருவாக்குவோரிடத்தில் மேலோங்கி நிற்கின்றது. ஆயினும் இயல்பு என்பது யாது? குரல் இனிதாயின் இயல்பாயிற்று என்று கொள்வாரே பலர். அக்கொள்கை பொருந்துமா என்பது தமிழ் அறிந்தோர் ஆராயத்தக்கது.

பேச்சொலி எவ்வாறு பிறக்கின்றது என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. வயிற்றிலிருந்து மேலெழும் மூச்சு, நெஞ்சு, கழுத்து, தலை ஆகிய இடங்களில் தங்கி, வாயுறுப்புகளின் தொழிலால் வேறு வேறு ஒலியாவதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகின்றது. ஐரோப்பாவில் வொல்ஃப்காங் ஃபொன் கெம்பெலன் என்பார், துருத்தியை நுரையீரலாகவும் அதிரும் தகட்டைக் குரல்வளையாகவும் அமைத்துப் பேசும் பொறி ஒன்றைச் செய்தார். அதனை விளக்கும் நூலை 1791இல் வெளியிட்டார். 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஹோமர் டட்லி உருவாக்கிய ‘வோடர்’ பேசிற்று. அதன் கட்டைகளை அழுத்தி இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டியிருந்தது. 1961இல் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினி ஆங்கிலப் பாடல் ஒன்றைப் பாடியது. 2016இல் ‘டீப்மைண்ட்’ நிறுவனத்தார் ‘வேவ்நெட்’ என்னும் முறையை வெளியிட்ட பின்னர், பொறிக்குரலுக்கும் மனிதக் குரலுக்கும் இடையே இருந்த தொலைவு வெகுவாகக் குறைந்தது.

தமிழில் நடந்த முயற்சிகளுள் ஒன்று மலேசியாவோடு தொடர்புடையது. 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர், எழுத்தைப் பேச்சாக்கும் தம் அமைப்பைப் பற்றிக் கட்டுரை அளித்தனர். அவ்வமைப்பிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘திருக்குறள்’. ஒருவர் பேசிப் பதிவு செய்த குரலைச் சிறு துண்டுகளாக்கி, வேண்டியவாறு கோத்துச் சொல்லாக்குவது அதன் முறை. பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹேமா மூர்த்தி தலைமையில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்குக் குரல்கள் உருவாயின. ‘ஈஸ்பீக்’ என்னும் கட்டற்ற மென்பொருள், பெரும்பாலும் கணக்கினாலேயே ஒலியைப் படைத்துத் தமிழைப் படிக்கின்றது. இன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனியே குரல்கள் வைத்துள்ளது. மலேசியத் தமிழுக்கு உரியவை ‘கனி’ என்னும் பெண் குரலும் ‘சூர்யா’ என்னும் ஆண் குரலும் ஆகும்.

இவை பாராட்டத்தக்க ஆக்கங்கள். எனினும் பாராட்டு வேறு, மதிப்பீடு வேறு. ஒரு பொறிக்குரல் இயல்பானதா என்பதை மூன்று உரைகற்களில் தேய்த்துப் பார்க்கலாம். அவை ஒலி, அளவு, நிறுத்தம் என்பன.

முதலாவது ஒலி. தமிழ் எழுதியவாறே படிக்கப்படும் மொழி. ஆதலின் பொறிக்கு எளிது என்பர் சிலர். இஃது அரையுண்மை. ககரம் ‘கடல்’ என்னும் சொல்லில் ஒருவகையாகவும், ‘தங்கம்’ என்பதில் வேறு வகையாகவும், ‘அகம்’ என்பதில் மற்றொரு வகையாகவும் ஒலிக்கின்றது. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை இதற்கு விதி உண்டு. மொழி முதலிலும் இரட்டித்த இடத்தும் வல்லொலி. மெல்லினத்தின் பின் அதிரும் ஒலி. உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒலி. இவ்விதியைப் பொறிக்குக் கற்பித்தல் அரிதன்று.

இடர்ப்பாடு பெயர்களில் தொடங்குகின்றது. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். பிறை, பட்டர்வொர்த், பாகான், புக்கிட் மெர்தாஜாம் என்னும் நான்கு ஊர்ப்பெயர்களும் எழுத்தில் பகரத்தையே முதலாகக் கொண்டவை. ‘பிறை’ என்பதில் அது ‘பல்’ என்னும் சொல்லில் வரும் வல்லொலி. ஏனைய மூன்றிலும் அது ‘அன்பு’ என்னும் சொல்லின் இறுதியில் வரும் அதிரொலி. பட்டர்வொர்த் என்பது 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த் என்பவர் பெயரால் வழங்கும் நகரம். பாகானும் புக்கிட் மெர்தாஜாமும் மலாய்ப் பெயர்கள். இலக்கண விதியை மட்டும் பற்றி நிற்கும் பொறி நான்கையும் ஒன்றாகவே ஒலிக்கும். ஒலித்தால் மூன்று தவறாகும். ‘பாஸ்’ என்னும் வழக்குச் சொல்லோ இன்னும் நுட்பமானது. தேர்வில் ஒருவன் ‘பாஸ்’ ஆனதும், அலுவலகத்தில் ‘பாஸ்’ அழைத்ததும் எழுத்தில் ஒன்றே; ஒலியிலும் பொருளிலும் வேறு. இங்கு விதி உதவாது. தொடரின் பொருள் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது அளவு. ‘காற்று’, ‘பாட்டு’, ‘படித்து’ என்னும் சொற்களின் இறுதி உகரம் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிப்பது. குற்றியலுகரம் என்று அதற்குப் பெயரும் உண்டு. அவ்வுகரத்தை முழுமையாக ஒலித்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதலாம் வகுப்புச் சிறுவனின் வாசிப்புப் போல் ஆகிவிடும். ‘வளையல்’ என்னும் சொல்லின் ஐகாரமும் அவ்வாறே குறுகும். மொழி ஒன்றின் நடை அதன் ஒலிகளில் மட்டும் இல்லை. ஒலிகள் நீளும் அளவிலும் இருக்கின்றது. பழைய இலக்கணம் மாத்திரை என்று கணக்கிட்டதைத்தான் இன்றைய பொறியாளர் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகின்றனர்.

எண்களைப் படிப்பதிலும் இச்சிக்கல் உண்டு. ‘1955இல்’ என்று அச்சிட்டிருந்தால், படிப்பவர் ‘ஐம்பத்தைந்தில்’ என்று புணர்த்தே முடிப்பார். எண்ணை ஒரு சொல்லாகவும் உருபை மற்றொரு சொல்லாகவும் கொள்ளும் பொறி, ‘ஐம்பத்தைந்து இல்’ என்று முறிக்கும். அதே நான்கு இலக்கங்கள் தொலைபேசி எண்ணின் பகுதியாயின் ஒவ்வொன்றாய்ப் படிக்கப்படல் வேண்டும். எழுத்தில் இல்லாத இவ்வறிவைத் தமிழ் வாசகர் தம் மனத்திலிருந்து சேர்த்துக்கொள்கின்றனர்.

மூன்றாவது நிறுத்தம். ‘நேற்று வருவதாகச் சொன்னான்’ என்னும் தொடரை நோக்குக. ‘நேற்று’ என்பதன்பின் சற்றே நிறுத்தினால், அவன் சொன்னது நேற்று. நிறுத்தாது ‘நேற்று வருவதாக’ என்று சேர்த்துப் படித்தால், அவன் வரவிருந்தது நேற்று. எழுத்து ஒன்றே; இடைவெளி பொருளை மாற்றுகின்றது. ‘திரு.வி.க.’ என்னும் பெயரில் புள்ளி மூன்று இருக்கின்றன. புள்ளிதோறும் வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளும் பொறி, அப்பெரியாரின் பெயரை மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கும். வினையெச்சங்கள் அடுக்கி வரும் நெடுந்தொடரில் எங்கே மூச்சு விடுவது என்பது, எவ்வெச்சம் எவ்வினையோடு முடிகின்றது என்பதை அறிந்தாலன்றித் தெரியாது.

இவ்விடத்தில் எழுதுவோர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. ‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. இடையே வரும் ஒற்று, பொருளையும் ஒலியையும் ஒருங்கே காட்டும் குறி. ஒற்றுப் பிழையோடு எழுதிய பக்கத்தை மனிதர் ஊகித்துப் படித்துவிடுவர். பொறி எழுதியதையே நம்பிப் படிக்கும். சந்தி தேவையில்லை என்று வாதிடுவோர், அதனை விடுவதால் பொறிக்கு ஒரு வழிகாட்டி குறைகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, இனிமைக்கும் இயல்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். பழைய பொறிக்குரல் கரகரத்தது, தட்டுத் தடுமாறியது. அது பிழையாய்ப் படித்தபோது, ‘இது பொறி, பிழை செய்யும்’ என்று கேட்போர் தாமே திருத்திக்கொண்டனர். இன்றைய குரலோ கற்றறிந்த செய்தி வாசிப்பாளரின் மிடுக்கோடு பேசுகின்றது. அது ‘பாகான்’ என்பதைத் தவறாக ஒலித்தாலும் அதே மிடுக்கோடுதான் ஒலிக்கும். பதிவுகளைக் கேட்டுப் பழகிய பொறி, தான் கேட்டறியாத பெயரிலும் தயங்குவதில்லை. தயங்காத பிழை நம்பப்படும் பிழையாகின்றது. குரல் மெருகேற மெருகேறப் பிழையின் தீமையும் ஏறுகின்றது என்பதே இன்று அஞ்சத்தக்கது.

இத்தீமைக்கு ஆளாவோர் இரு சாரார். ஒரு சாரார் பார்வையற்றோர். 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர்ப் பினாங்கிற்கு வந்த செயின்ட் நிக்கோலஸ் இல்லம் போன்ற நிலையங்கள் அன்னாருக்கு நெடுங்காலம் தொண்டாற்றி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்களான மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் தே ஆகிய இருவர் வளர்த்த ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பான், 2006இல் தொடங்கி இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்துவோருள் பலர், கரகரத்த ‘ஈஸ்பீக்’ குரலையே விரும்புகின்றனர்; மிக விரைவாக ஓட்டினாலும் அது தெளிவாய்க் கேட்கின்றது என்பது அவர்கள் கூறும் காரணம். அவர்கள் நாடுவது தெளிவு. இனிமை அதன் பின்னரே. எழுத்தைக் கண்ணால் சரிபார்க்க இயலாத அவர்களுக்குப் பொறியின் பிழையே ஏட்டின் பிழையாகிவிடும்.

மற்றொரு சாரார் மாணவர். வீட்டில் தமிழ் பேசுவது குறைந்த பிள்ளைக்குக் கைப்பேசியின் குரலே நாளெல்லாம் கேட்கும் தமிழாகலாம். ழகர, ளகர, லகர வேறுபாடும், றகர, ரகர வேறுபாடும் அக்குரலில் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே அதன் நாவில் பதியும். ஆசிரியர் வகுப்பறையில் இருப்பது சில மணி நேரமே. பொறி உடனிருக்கும் நேரமோ மிகுதி.

பொறி பேச்சுவழக்கில் பேசினால்தான் இயல்பாகும் என்பாரும் உளர். அது பாதி சரி. உரையாடலுக்கு எழுதியதைப் பேச்சு நடையில் சொல்லலாம். கட்டுரையையும் செய்தியையும் ‘வந்துட்டான், போய்ட்டான்’ என்று மாற்றிப் படித்தல் பொருந்தாது. ஏடு படிப்பதற்கும் ஓர் இயல்பு உண்டு. நல்ல வாசிப்பாளர் செந்தமிழையே படிப்பார்; ஆயினும் கேட்பவர்க்கு அது செயற்கையாய்த் தோன்றுவதில்லை.

ஆகவே மலேசியத் தமிழ்க் குரல் என்று பெயரிட்டு வரும் எதனையும் மதிப்பிடும்போது, குரல் யாருடையது போல் உள்ளது என்பதோடு நின்றுவிடுதல் ஆகாது. புக்கிட் மெர்தாஜாமும் கப்பளா பத்தாசும் அதன் வாயில் எவ்வாறு ஒலிக்கின்றன, ஆண்டெண்ணை எவ்வாறு முடிக்கின்றது, நெடுந்தொடரில் எங்கே நிற்கின்றது என்று கேட்டல் வேண்டும். ஒரு பக்கச் செய்தியை அதற்குக் கொடுத்துப் பென்சிலும் கையுமாய் அமர்ந்து குறித்தால் போதும். அரை மணி நேரத்தில் அதன் தகுதி விளங்கிவிடும்.

குறித்தவற்றைத் திருத்த வழியும் உண்டு. வலைத்தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பாகிய டபிள்யூ3சி, பொறிக்குரலுக்கு நிறுத்தமும் அழுத்தமும் குறித்துக் கொடுக்கும் முறையை 2004இலும், சொற்களின் ஒலிப்பை அகராதியாகத் தொகுத்து அளிக்கும் முறையை 2008இலும் தரப்படுத்தி வெளியிட்டது. மலேசிய ஊர்ப்பெயர், தோட்டப்பெயர், ஆட்பெயர், மலாய் வழக்குச் சொல் ஆகியவற்றை அவை தமிழில் எழுதப்படும் வடிவத்தோடும் ஒலிக்கப்படும் முறையோடும் தொகுத்தால், அத்தொகுப்பு எந்தப் பொறிக்கும் பாடமாகும். ஒவ்வொரு வட்டாரத்து ஆசிரியரும் தம் வட்டாரப் பெயர்களில் இருநூறு எழுதித் தந்தாலும் பெரும்பயன் விளையும். இப்பணிக்குக் கணினியறிவு மிகுதியும் வேண்டுவதில்லை. ஊரார் தம் ஊரை எவ்வாறு அழைக்கின்றனர் என்று அறிந்த செவியே வேண்டுவது. குரலைப் படைக்கும் வேலையைப் பொறியாளர் செய்து முடித்திருக்கின்றனர். அதற்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை தமிழாசிரியருக்கு உரியது.