வில்லியம் பாசின்ஸ்கி

வில்லியம் பாசின்ஸ்கி (பிறப்பு: ஜூன் 25, 1958) அமெரிக்க இசையமைப்பாளர். ஒலிநாடாத் துண்டுகளைச் சுற்றாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு இசையை உருவாக்குபவர். ஆம்பியன்ட் எனப்படும் சூழல் இசையின் முதன்மையான கலைஞர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். 2002, 2003 ஆண்டுகளில் நான்கு தொகுப்புகளாக வெளிவந்த 'தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்' (சிதையும் சுற்றுகள்) அவருடைய புகழ்பெற்ற படைப்பு. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுடன் இணைத்தே பேசப்படும் இப்படைப்பு, ஓர் இசைக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியை எழுப்புவது.

பிறப்பு, கல்வி

பாசின்ஸ்கி டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தார். மரபான முறையில் கிளாரினெட் பயின்றார். டென்டன் நகரிலுள்ள வட டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் ஜாஸ் சாக்ஸபோனும் இசையமைப்பும் கற்றார். ஸ்டீவ் ரைக், பிரையன் ஈனோ ஆகியோரின் ஒலிநாடா இசை அவர்மேல் செல்வாக்கு செலுத்தியது. சான் ஃப்ரான்சிஸ்கோவில் சில காலம் வாழ்ந்தபின் 1980-ல் தன் இணையரான ஓவியர் ஜேம்ஸ் இலேய்னுடன் நியூயார்க்கில் குடியேறினார்.

இசை வாழ்க்கை

பாசின்ஸ்கியின் பிற்கால இசைக்கான மூலப்பொருட்களில் பெரும்பகுதி 1980களின் தொடக்கத்திலேயே சேகரிக்கப்பட்டது. பழைய ஒலிநாடாக் கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சோதனைகள் செய்தார். சிற்றலை வானொலியின் இரைச்சல், பியானோவில் வாசித்த சிறு சொற்றொடர்கள், கடைகளிலும் மின்தூக்கிகளிலும் ஒலிப்பதற்காக ஒலிபரப்பான மெல்லிசையின் துணுக்குகள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். சில நொடிகள் நீளமுள்ள துணுக்கை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினால் அது சுற்று ஆகிறது. அதை வேகம் குறைத்து ஓடவிட்டால் சுருதி இறங்கி, எளிய மெல்லிசையும் கனத்த துயரிசையாக மாறுகிறது.

இந்தப் பதிவுகள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வெளிவரவில்லை. ப்ரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 'ஆர்கேடியா' என்று பெயரிட்ட மாடிக்கூடத்தில் வாழ்ந்த பாசின்ஸ்கி அங்கே பிற கலைஞர்களின் நிகழ்ச்சிகளையும் நடத்தினார். 'ஷார்ட்வேவ் மியூசிக்' 1998-ல் ஜெர்மானியக் கலைஞர் கார்ஸ்டன் நிக்கோலாயின் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அப்போது பாசின்ஸ்கிக்கு நாற்பது வயது. அதன்பின் '2062' என்னும் சொந்த வெளியீட்டுப் பெயரில் படைப்புகளைக் கொண்டுவந்தார். 'தி ரிவர்' (2002), 'மெலன்கோலியா' (2003), 'எல் கமினோ ரியால்' (2007), '92982' (2009), 'நாக்டர்ன்ஸ்' (2013), 'காஸ்கேட்' (2015), 'எ ஷேடோ இன் டைம்' (2017), 'லேமன்டேஷன்ஸ்' (2020) ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

சிதையும் சுற்றுகள்

2001 கோடைக்காலத்தில் பாசின்ஸ்கி தன் பழைய சுற்றுகளை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றத் தொடங்கினார். ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஒலி அந்தத் துகள்களில் காந்தப்பதிவாக இருக்கிறது. காலப்போக்கில் பசை வலுவிழக்கும். பாசின்ஸ்கி ஓடவிட்ட சுற்றுகள் ஒவ்வொரு முறை கருவியின் முனையை உரசிச் சென்றபோதும் துகள்கள் உதிர்ந்தன. உதிர்ந்த இடங்களில் இசை இல்லாமலாகியது. அவர் கருவியை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றும் தேய்ந்து செல்வதை அப்படியே பதிவு செய்தார்.

அவ்வாறு உருவான ஒன்பது பகுதிகளில் முதலாவதான 'டிஎல்பி 1.1' ஒரு மணிநேரத்திற்கும் சற்று அதிகமான நீளம் கொண்டது. தொலைவில் ஒலிக்கும் ஊதுகருவி போன்ற ஒரு சொற்றொடர், அதன் பின்னணியில் மெல்லிய தந்தியொலி, இவ்வளவே இதன் உள்ளடக்கம். முதல் சில நிமிடங்களில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பின் விளிம்புகளில் சிறு வெடிப்புகள் கேட்கின்றன. ஸ்வரங்களின் நடுவே பள்ளங்கள் விழுகின்றன. இறுதிப் பகுதியில் சொற்றொடரின் சில முனைகள் மட்டும் எஞ்சி, நீண்ட வெறுமையின் நடுவே தட்டுத்தடுமாறி வருகின்றன. அதே சுற்றின் வேறு வடிவங்களான 1.2, 1.3 ஆகியவை நான்காவது தொகுப்பின் இறுதியில் இடம்பெறுகின்றன. தொடங்கிய இடத்திற்கே படைப்பு திரும்பி வருகிறது.

செப்டம்பர் 11

2001 செப்டம்பர் 11 அன்று பாசின்ஸ்கி ப்ரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கோபுரங்கள் விழுந்ததைக் கண்டார். அன்று மாலை மங்கும் நேரத்தில் எழுந்துகொண்டிருந்த புகையை அசையாத வீடியோ கேமராவால் பதிவு செய்தார். பின்னர் அந்தக் காட்சியுடன் 'டிஎல்பி 1.1' இசையை இணைத்தார். அந்த வீடியோவின் காட்சிகளே நான்கு தொகுப்புகளின் அட்டைப்படங்கள் ஆயின. படைப்பு தாக்குதலில் இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

தாக்குதலின் பத்தாம் ஆண்டு நிறைவில், 2011 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் டெண்டூர் கோயில் கூடத்தில் 'டிஎல்பி 1.1' இசைக்குழுவால் நிகழ்த்தப்பட்டது. மாக்சிம் மாஸ்டன் அதற்கான இசைக்குழு வடிவத்தை அமைத்தார். 2012-ல் நான்கு தொகுப்புகளும் ஒரே பெட்டியாக மறுவெளியீடு பெற்றன. இப்படைப்பு செப்டம்பர் 11 நினைவு அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றது.

விமர்சனம்

இப்படைப்பைக் கேட்கும் பெரும்பாலானோர் அதன் கதையை அறிந்தபின்னரே இசைக்குள் நுழைகின்றனர். ஆகவே கேட்பவரை உலுக்குவது இசையா, அதனுடன் வரும் கதையா என்னும் ஐயம் எழுகிறது. கதையை நீக்கினால் எஞ்சுவது ஒரு பழைய நாடாவின் பழுது மட்டுமே எனலாம். முன்பே நிகழ்ந்த ஒரு விபத்தைப் பெருந்துயரம் ஒன்றின் அஞ்சலியாக அறிவிப்பதில் அறம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு.

இக்கேள்வியை அணுகுவதற்கு இப்படைப்பின் மூன்று அடுக்குகளையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சொற்றொடர்கள் 1980களைச் சேர்ந்தவை. சிதைவு 2001 கோடையில், தாக்குதலுக்கு முன் நிகழ்ந்தது. புகையின் காட்சியும் காணிக்கையும் அதற்குப் பிந்தியவை. இசையில் செப்டம்பர் 11 இல்லை. இணைப்பு வீடியோவில் மட்டுமே நிகழ்கிறது. அந்த இணைப்பு கலைஞர் தெரிந்து எடுத்த முடிவு. அதை ஏற்கவும் மறுக்கவும் கேட்பவருக்கு உரிமை உண்டு.

இசையை மட்டும் கேட்டாலும் இப்படைப்பு நிற்பதற்கான காரணம் அதன் வடிவத்தில் உள்ளது. சுற்றிசைக்குத் திசை இல்லை. எத்தனை முறை வந்தாலும் அது முதல்முறை போலவே வரும். 'டிஎல்பி 1.1'-ல் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சற்றுக் குறைவானது. திரும்பி வருவதும் திரும்பவே முடியாததும் ஒரே ஒலியில் நிகழ்கின்றன. எது இழக்கப்பட்டது என்பதைக் கேட்பவர் தன் நினைவைக்கொண்டே அறிகிறார். முதல் பத்து நிமிடங்களில் மனதில் பதிந்த சொற்றொடரை, அது ஒலிக்காத இடங்களிலும் மனம் நிரப்பிக்கொள்கிறது. இறந்தவர் ஒருவரின் குரலை நினைவில் மீட்டெடுப்பதற்கு நிகரான அனுபவம் இது. எந்தத் தனிப்பட்ட துயருக்கும் பொருந்துவதனால்தான் செப்டம்பர் 11-க்கும் பொருந்தியது.

இதற்கு 2011 நிகழ்ச்சியைச் சான்றாகக் கொள்ளலாம். இசைக்குழுவில் நாடா இல்லை, உதிரும் துகள்கள் இல்லை. கலைஞர்கள் ஒலியைத் தாங்களே குறைத்து, இடைவெளிகளைத் தாங்களே உருவாக்கவேண்டும். தற்செயலாக நிகழ்ந்ததை எழுதி, பயின்று, மீண்டும் நிகழ்த்த முடிந்தது என்றால் அதற்குள் ஒரு வடிவம் இருந்தது என்றே பொருள்.

இப்படைப்பில் கலைஞரின் பங்கு என்ன என்பது அடுத்த கேள்வி. ஆல்வின் லூசியர் 1969-ல் உருவாக்கிய 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' இதற்கு முன்னோடி எனத்தக்கது. தன் பேச்சைப் பதிவு செய்து, அதை அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவு செய்வதைத் தொடர்ந்து, சொற்கள் கரைந்து அறையின் அதிர்வு மட்டும் எஞ்சும்வரை சென்றார் லூசியர். அது முன்கூட்டியே வகுத்த செயல்முறை. பாசின்ஸ்கி சிதைவைத் திட்டமிடவில்லை. துணுக்கைத் தேர்ந்ததும், வேகத்தைக் குறைத்ததும், சிந்தசைசரில் ஓர் எதிர்மெட்டைச் சேர்த்ததும் அவருடைய செயல்கள். இவற்றைவிட முக்கியமானது அவர் செய்யாமல் விட்டது. பாதுகாப்பதற்காகத் தொடங்கிய வேலையில் பொருள் அழியத் தொடங்கியபோது, அழிவையே பாதுகாக்க அவர் முடிவெடுத்தார்.

பிற படைப்புகளில் இந்த வலிமை எப்போதும் இல்லை. 'மெலன்கோலியா'வின் பதினான்கு சிறு பகுதிகளில் ஒவ்வொன்றும் ஒரு மனநிலையைக் காட்டி, அது சலிப்பதற்கு முன் முடிந்துவிடுகிறது. அதனால் அது வெற்றிபெறுகிறது. 'எல் கமினோ ரியால்' ஒரே சுற்றை மிக நீண்ட நேரம் நீட்டிக்கிறது. சுற்று தேய்வதில்லை, மாறுவதுமில்லை. அழகே கேட்பவரை ஏந்திச் செல்லும் என்ற நம்பிக்கை அங்கே போதுமானதாக இல்லை. 'காஸ்கேட்' தொகுப்பின் பியானோச் சுற்றும் அவ்வாறே. அதே சுற்றை வெவ்வேறு நீளமுள்ள பின்னூட்டங்களில் செலுத்தி உருவாக்கிய 'தி டெல்யூஜ்' அதைவிட உயிர்ப்புடன் உள்ளது. அங்கே ஒலி பெருகித் தன்னையே மூழ்கடிக்கிறது. டேவிட் போவியின் மறைவை ஒட்டி உருவாக்கிய 'ஃபார் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ்' பகுதியில் கரடுமுரடான சாக்ஸபோன் சுற்று ஒன்று இடையில் நுழைந்து மென்மையைக் குலைக்கிறது. பாசின்ஸ்கியின் சிறந்த தருணங்கள் இவ்வாறு அழகு ஏதோ ஒன்றால் அச்சுறுத்தப்படும்போதே நிகழ்கின்றன. அச்சுறுத்தல் இல்லாதபோது அவர் இசை மெல்லுணர்ச்சியாகத் தேங்கிவிடுகிறது.

இசை வரலாற்றில் இடம்

ரைக், ஈனோ ஆகியோர் ஒலிநாடாவை மீண்டும் மீண்டும் ஒலிக்கும் கருவியாகக் கண்டனர். பாசின்ஸ்கி அதை முதுமையடையும் பொருளாகக் கண்டார். லேலண்ட் கிர்பி 'தி கேர்டேக்கர்' என்னும் பெயரில் 2016 முதல் 2019 வரை ஆறு கட்டங்களாக வெளியிட்ட 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்', நினைவிழப்பு நோயின் படிநிலைகளைச் சிதையும் பழைய நடன இசைகளின் வழியாகச் சித்தரிப்பது. கிர்பி சிதைவை வடிவமைக்கிறார். பாசின்ஸ்கிக்கு அது வந்து சேர்ந்தது. ஆகவே அவருடைய சாதனையை அதே முறையில் இன்னொரு முறை நிகழ்த்த அவராலும் இயலவில்லை.

எதையும் இழப்பின்றிச் சேமிக்க டிஜிட்டல் தொழில்நுட்பம் வாக்களித்த காலத்தில், அந்த மாற்றத்தின் வாசலிலேயே உதிர்ந்துபோன சில நொடி இசை அவருடைய முதன்மைப் படைப்பாகியது. இன்று டிஜிட்டலில் அது எத்தனை முறை ஒலித்தாலும் தேயாது. அதனுள் அந்தச் சொற்றொடர் ஒவ்வொரு முறையும் தேய்ந்தே முடிகிறது.