லியானுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?

ரெசிடென்ட் ஈவில் ரசிகர்கள் இருபது வருஷமாக விடாமல் போடும் சண்டை ஒன்று உண்டு. "இது நம்ம லியான் இல்ல" என்பதுதான் அது. 1998-ல் வந்த இரண்டாம் கேமில் லியான் கென்னடி வேலைக்குச் சேரும் முதல் நாளே ஊர் முழுக்க ஜாம்பியாகிவிட்ட ஒரு புதுப் போலீஸ்காரன். பயப்படுவான், எல்லாரையும் காப்பாற்றப் பார்ப்பான், ஏடா வாங் சொல்வதையெல்லாம் நம்புவான். 2005-ல் வந்த நான்காம் கேமில் அதே ஆள் அமெரிக்க அதிபரின் மகளை மீட்கப் போகும் ஏஜென்ட். கோடாலி காதோரம் பறக்கும்போதும் ஜோக் அடிக்கிறான். 2023 ரீமேக்கில் பழைய சம்பவங்கள் மனசை அரிக்கும் ஆளாக வருகிறான், ஆனால் ஜோக்கும் கூடவே வருகிறது. மூன்றில் எது உண்மையான லியான்?

கிறிஸ் ரெட்ஃபீல்ட் விஷயத்தில் இந்தச் சண்டை இன்னும் முற்றியது. 2017-ல் ஏழாம் கேமின் கடைசியில் ஹெலிகாப்டரில் வந்து இறங்குபவர் முகமூடியைக் கழற்றி "ரெட்ஃபீல்ட்" என்று சொன்னதும், "இது கிறிஸ் முகமே இல்லை, யாரோ போலி" என்று பல மாதம் வாதம் நடந்தது. அந்த வருஷக் கடைசியில் வந்த 'நாட் எ ஹீரோ' என்ற கூடுதல் பகுதி, அது கிறிஸ்தான் என்று முடித்துவைத்தது.

முகம், உடம்பு, குரல், குணம் என்று எல்லாவற்றையும் வைத்து இந்த வாதம் நடக்கிறது. மொழி பற்றிய பேச்சும் வரும், ஆனால் தனிக் கச்சேரியாக. ஸ்பானிஷ் உச்சரிப்பு சரியா, பழைய டயலாக் ஏன் இவ்வளவு காமெடி என்ற அளவில் நின்றுவிடும். என் கட்சி வேறு. இந்த சீரிஸில் கேரக்டர் மாறாமல் இருக்கிறதா என்ற கேள்வியும் மொழிக் கேள்வியும் ஒன்றுதான். ஒருவன் யாரிடம் எந்த மொழியில் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்தால் அவன் யார் என்பது தெரிந்துவிடும். அங்கேதான் இந்த சீரிஸ் அதிகமாக வழுக்குகிறது.

முதல் நாளிலிருந்தே அயல்மொழி

1996-ல் கேப்காம் முதல் கேமை வெளியிட்டபோது, ஜப்பானில் விற்ற பிரதியிலும் பேச்சு ஆங்கிலம்தான். ஜப்பானியர்கள் சப்டைட்டில் படித்துக்கொண்டு விளையாடினார்கள். அங்கே அதன் பெயர் 'பயோஹசார்ட்'. ரெசிடென்ட் ஈவில் என்பது அமெரிக்காவுக்காக வைத்த பெயர். ஜப்பானியர்கள் அமெரிக்க ஹாலிவுட் பாணியில் கற்பனை செய்த கதையை, ஆங்கிலம் பேசும் நடிகர்கள் சிலர் வாசித்துக் கொடுத்தார்கள். விளைவு, பூட்டுத் திறக்கும் கம்பியை ஜில்லிடம் கொடுக்கும் பாரி அவளைப் பூட்டுத் திறப்பதில் மகாராணி என்கிற தோரணையில் புகழும் அந்த வசனம். கூரை இறங்கி நசுங்கப் பார்த்தவளிடம் சாண்ட்விச் ஜோக் சொல்வதும் அதே பாரிதான். 2002 ரீமேக்கில் இதையெல்லாம் மாற்றி எழுதினார்கள். ரசிகர்கள் இன்னும் பழசைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதைச் சும்மா கேலி செய்துவிட்டுப் போகக் கூடாது. இந்தக் கேரக்டர்கள் பிறக்கும்போதே அவர்களை உருவாக்கியவர்களின் தாய்மொழியில் பேசவில்லை. பின்னால் குரல் கொடுத்தவர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். லியானுக்கு மட்டும் 1998-ல் பால் ஹடாட், 2005-ல் பால் மெர்சியர், 2012-ல் ஆறாம் கேமில் மேத்யூ மெர்சர், ரீமேக்குகளில் நிக் அப்போஸ்டலிடிஸ். குரல் மாறுவது பெரிய குற்றம் இல்லை. நம்ம ஊரில் ஒரே ஹீரோவுக்குப் படத்துக்குப் படம் வேறு ஆள் டப்பிங் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேச்சில் ஞாபகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நீயா, நீங்களா?

இதைச் சோதிக்க நான் ஒரு வேலை செய்வேன். காட்சியைத் தமிழில் டப் செய்வதாக நினைத்துக்கொள்வேன். ரெசிடென்ட் ஈவில் ஹாலிவுட் படங்கள் தமிழில் டப் ஆகி வந்தன. கேம்களுக்கு அந்த யோகம் இல்லை, அதனால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆங்கிலத்தின் 'யூ' எல்லாவற்றையும் மறைத்துவிடும். தமிழில் வாயைத் திறந்ததும் நீயா நீங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும். இரண்டாம் கேமில் புதுப் போலீஸ்காரன் லியான் ஏடாவிடம் கண்டிப்பாக "நீங்க இங்க தனியா இருக்கக் கூடாதுங்க" என்றுதான் தொடங்குவான். எந்த இடத்தில் "நீ" ஆகிறது? அவளுக்காகக் குண்டடி படும்போதா, அவள் பொய் சொன்னது தெரியும்போதா? நான்காம் கேமில் ஆறு வருஷம் கழித்துச் சந்திக்கும்போது அந்த "நீ" அப்படியே இருக்குமா, இல்லை கோபத்தில் திரும்ப "நீங்க" ஆகியிருக்குமா? பழகியவரிடம் வேண்டுமென்றே மரியாதை கொடுத்துப் பேசுவதுதானே நம்மூரில் பெரிய சண்டை. இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. அதனால்தான் ஏடா வரும் காட்சிகளில் எந்த லியானும் லியானாகவே இருக்கிறான்.

ஆஷ்லி கதை வேறு. அவள் அதிபரின் மகள், காலேஜ் மாணவி, வயது இருபது. இவன் அரசு ஊழியன். "வாங்க மேடம்" என்று தொடங்க வேண்டியவன், குண்டு பறக்கும்போது "குனி!" என்று கத்துவான். விளையாடுபவர் ஒரு பட்டனை அழுத்தி அவளை நிறுத்தவும் கூப்பிடவும் வேண்டும். அது "இங்கயே இருங்க"வா, "இரு"வா? எழுதிப் பார்த்தேன். 2005 லியானுக்கு இரண்டுமே ஒட்டவில்லை, அவனுக்கு அவள் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஒரு சரக்கு. ரீமேக் லியானுக்கு "இருங்க" என்று தொடங்கி "இரு" என்று இறங்குவது இயல்பாக வருகிறது. ஆக, ரீமேக் லியான் அதிகமாக மாறிப்போனவன் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1998-ல் எல்லாரையும் காப்பாற்றத் துடித்த பையனுக்கு அவன்தான் கிட்டத்தில் நிற்கிறான். 2005 லியான்தான் வழி தவறிய சித்தப்பா.

கோடாலிக்காரர் என்ன சொன்னார்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 2005 கேமின் முதல் வீடு. லியான் உள்ளே போகிறான். அடுப்பில் கட்டை கிளறிக்கொண்டிருக்கும் மனிதரிடம் ஆங்கிலத்தில் மரியாதையாக ஆஷ்லியின் போட்டோவைக் காட்டுகிறான். அவர் ஸ்பானிஷில் திட்டுகிறார். லியான் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறான். கோடாலி வருகிறது.

லியானுக்கு ஸ்பானிஷ் புரிந்ததா? "மன்னிப்புக் கேட்டானே, அப்போ புரிஞ்சிருக்கு" என்பது ஒரு கட்சி. "திட்டுற தொனி எந்த மொழியிலயும் புரியும்" என்பது இன்னொரு கட்சி. ஐரோப்பாவின் ஒதுக்குப்புறத்தில் தனியாக ஆள் தேடப் போகும் ஏஜென்டுக்கு உள்ளூர் மொழி தெரியாமல் அனுப்புவார்களா என்று மூன்றாம் கட்சி.

அந்த ஊரில் யார் யார் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஊர்த் தலைவர் மென்டெஸ், கோட்டை வைத்திருக்கும் சலசார், மதத் தலைவர் சாட்லர், லியானுக்கு உதவும் லூயிஸ் எல்லாரும் ஆங்கிலம். துப்பாக்கி விற்கும் வியாபாரிகூட லண்டன் சந்தைக்காரர் மாதிரி ஓர் ஆங்கிலம். பெயரும் அதிகாரமும் சரக்கும் உள்ளவர்களுக்கு ஆங்கிலம், வயலில் வைக்கோல் அள்ளுபவர்களுக்கு மட்டும் ஸ்பானிஷ். அதுவும் சப்டைட்டில் இல்லாமல்.

அந்த ஸ்பானிஷும் அந்த ஊருடையது இல்லை. காசுக்குப் பெயர் பெசேட்டா. ஊர் ஸ்பெயினில் இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். (2002-லேயே ஸ்பெயின் யூரோவுக்கு மாறிவிட்டது, கதை நடப்பது 2004-ல் என்பது தனிக் கூத்து.) ஆனால் கிராமத்தார் பேசுவது மெக்சிகோ பக்கத்து உச்சரிப்பு. கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்தில் ஊரே யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் எப்படி இருக்கும்? அதுதான். 2009-ல் வந்த ஐந்தாம் கேமிலும் இதே கதை: மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை ஊர், மக்கள் பேசுவதோ கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி.

பெயர்களையும் பாருங்கள். நான்காம் கேமின் கிராமத்தாருக்குப் பெயர் 'கனாடோ'. ஸ்பானிஷில் கால்நடை, மந்தை. ஐந்தாம் கேமில் 'மஜினி'. நம்மூரில் ஜின் என்கிறோமே, அதே அரபுச் சொல் ஸ்வாஹிலிக்குப் போய்ப் பன்மையானது. ஒன்று மாடு, இன்னொன்று பேய்.

பழைய ஜாம்பிக்குப் பேச்சே கிடையாது, முனகல்தான். 2016-ல் ஊட்டியை வைத்து வந்த நம்ம 'மிருதன்' படத்திலும் கடிபட்டவர்கள் உறுமுவார்கள், அவ்வளவுதான். பேச்சு போனால் மனிதத்தன்மை போச்சு என்பது எல்லாருக்கும் புரியும் கணக்கு. நான்காம் கேம் அந்தக் கணக்கை மாற்றியது. இவர்கள் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் எச்சரிக்கிறார்கள், எதிராளி எங்கே நிற்கிறான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சு இருந்தும் நமக்குப் புரியவில்லை என்பதே இங்கே பயத்தின் மூலப்பொருள். விளையாட்டாக இது அபாரம், மறுக்கவே மாட்டேன். முதுகுக்குப் பின்னால் புரியாத மொழியில் ஒரு கத்தல் கேட்டு நானே நாற்காலியோடு நகர்ந்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இதைக் கேட்பது

நான் இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். சூலூர்பேட்டை லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரே பெட்டியில் தெலுங்கு, ஒடியா, இந்தி, போஜ்புரி, "இன்னாபா" தமிழ் எல்லாம் கேட்கும். இதே ஊரில் ஈழ அகதிகள் முகாமும் இருக்கிறது, அங்கே இன்னொரு தமிழ். ரோலிங் மில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீக்கடையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதில் பாதி புரியாது. புரியாமலே பத்து வருஷம் பக்கத்தில் வாழ்ந்துவிடலாம்.

பக்கத்து ரூமில் இருக்கும் ஒடிசா பையன்களோடு ஒருநாள் லேப்டாப்பில் இந்த முதல் வீட்டுக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒருவன் அரைகுறை இந்தியும் தமிழுமாகச் சொன்னது: "துப்பாக்கி வச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றான், ஒரு பொண்ணு போட்டோ காட்றான், தெரியாத மொழியில பேசறான். நானா இருந்தாலும் கத்துவேன் அண்ணா." பல வருஷ ரசிகர் சண்டையில் இந்தக் கோணத்தை நான் பார்த்ததில்லை. நாம் எல்லாரும் லியான் பக்கம் நின்று கேட்டோம், அவன் வீட்டுக்காரர் பக்கம் நின்று கேட்டான்.

நான்காம் கேமின் ரீமேக் வெளியானது 2023 மார்ச் 24. அதே மார்ச் முதல் வாரத்தில்தான், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு இடத்தில் எடுத்தவற்றை இங்கே நடந்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாடு போலீஸ் மறுத்து வழக்குப் போட்டது, பீகார் அரசு நேரில் பார்க்கக் குழு அனுப்பியது. அந்த வீடியோக்கள் எடுபட்டதற்கு ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: பார்ப்பவருக்கு அதில் பேசும் மொழி எது என்றே தெரியாவிட்டால், கூட்டம் எந்த ஊர்க் கூட்டமாகவும் ஆகிவிடும். கேம் இந்த வதந்தியை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை, அது அபத்தம். இரண்டும் ஒரே நரம்பைத்தான் தொடுகின்றன என்கிறேன்.

ஒரு எதிர்வாதம்

"கிராமத்தார் ஒட்டுண்ணிக்கு அடிமையானவர்கள், அவர்களுக்குத் தனிக் கேரக்டர் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேமே அவர்களுக்கு வாழ்க்கை கொடுக்கிறது. பைனாகுலரில் பார்த்தால் வைக்கோல் அள்ளுகிறார்கள், வாளி சுமக்கிறார்கள். நடுவில் ஒரு போலீஸ்காரர் எரிந்துகொண்டிருக்கிறார். பழக்கமும் பயங்கரமும் ஒரே சட்டத்தில் இருப்பதுதான் அந்தக் காட்சியின் பலம். மணி அடித்ததும் எல்லாரும் ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சர்ச்சுக்குப் போகிறார்கள். அப்போது லியான், எங்கே கிளம்பிட்டாங்க, தம்போலா ஆடவா என்கிற மாதிரி ஒரு ஜோக் அடிக்கிறான். ரீமேக்கிலும் அந்த ஜோக் இருக்கிறது.

இங்கேதான் என் இரண்டு கேள்வியும் ஒன்றாகின்றன. ஒரே ராத்திரியில் ஒரு ஊரே செத்ததைப் பார்த்தவன், இன்னொரு ஊர் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன பேசுவான்? 1998 லியானுக்கு ஜாம்பி என்பது நேற்று வரை மனிதனாக இருந்தவர், சக போலீஸ்காரர். அவன் அந்தக் கிராமத்தில் ஒரு வார்த்தை ஸ்பானிஷாவது முயன்று பார்த்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "பெண்ணைத் தேடுகிறேன்", "உதவி" என்று உடைந்த இரண்டு சொல். அவர்கள் அதற்கும் கோடாலியைத்தான் எறிந்திருப்பார்கள், கதை மாறியிருக்காது.

ஆனால் அவனை அடையாளம் கண்டுகொண்டிருப்போம். நம்மூர் சூப்பர்வைசர்களே "ஜல்தி, ஜல்தி"க்கு மேல் நாலு வார்த்தை இந்தி கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்க அரசின் ஏஜென்டுக்கு அது முடியாதா என்ன?