கேலரிக்குக் கிடைத்த விடுதலை

2024 செப்டம்பரில் இந்தி இயக்குநர் சோஹம் ஷா நியூயார்க்கில் நெட்ஃப்ளிக்ஸ் மீது வழக்குப் போட்டார். 2009இல் தான் எடுத்த 'லக்' படத்தின் நகல்தான் 'ஸ்க்விட் கேம்' என்பது புகார், நெட்ஃப்ளிக்ஸ் மறுத்தது. அன்றிலிருந்து மும்பை மாட்டுங்காவில் எந்த இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கு ஒதுங்கினாலும் யாராவது ஒருவர், "முதல்ல நாமதான் எடுத்தோம் சார்" என்று ஆரம்பிக்கிறார். சஞ்சய் தத், மிதுன், போதாததற்கு அறிமுக நாயகி ஸ்ருதி ஹாசன் என்று எல்லாரும் இருந்தும் அன்று இவர்கள் யாரும் சீந்தாத படம் அது. எதிர்க்கட்சிக்காரர்களோ, இந்த வகைப் படமே தமிழில் கிடையாது, நமக்கு எதிர்காலத்தைக் கற்பனை செய்யத் தெரியாது என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றன: கொலையாட்டப் படம் என்றால் கடன்பட்ட ஏழை சாவான், பணக்காரன் பந்தயம் கட்டிப் பார்ப்பான். இந்த இலக்கணம்தான் இந்த வகையையே கெடுத்தது என்பது என் கட்சி.

யார் முதல் என்ற சண்டைக்கு அதிக இடம் வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லி 1953இலேயே ஆளை ஆள் வேட்டையாடும் ஆட்டத்தைக் கதையாக எழுதிவிட்டார். 1965இல் எலியோ பெத்ரி அதை 'பத்தாவது பலி' என்று இத்தாலியில் படமாக்கினார். ஒரு தேயிலை விளம்பரத்துக்காக உர்சுலா ஆண்ட்ரஸ் ரோமில் வீனஸ் கோயில் முன்னால் மாஸ்த்ரொயானியைச் சுட்டுக் கொல்ல வேண்டும். ஷெக்லியின் வேறொரு கதை 1970இல் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்கு 'தாஸ் மில்லியோனென்ஷ்பீல்' ஆகப் போனது. கொலையாளிகளிடம் ஒரு வாரம் தப்பிப் பிழைத்தால் பத்து லட்சம் மார்க். நிஜ நிகழ்ச்சி என்று நம்பிய சிலர், ஓடுவதற்கு மட்டுமல்ல, துரத்திக் கொல்வதற்கும் தங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். எந்த முதலாளியும் அவர்களைக் கழுத்தில் கைவைத்துத் தள்ளவில்லை.

இந்தப் பார்வையாளர்களைச் சினிமா நேருக்கு நேர் பார்த்த ஆண்டு 1975. நார்மன் ஜூவிசனின் 'ரோலர்பால்' காட்டும் 2018இல் நாடுகள் கிடையாது, கம்பெனிகள்தான். தனி மனித முயற்சி வீண் என்று ஜனங்களுக்கு உறைக்கவைக்கவே அந்த ஆட்டம். ஹூஸ்டன் அணியின் ஜொனதன் (ஜேம்ஸ் கான்) நட்சத்திரமாகிவிட்டதால் பாடம் கெட்டுப்போகிறது. ஒதுங்கச் சொன்னால் மறுக்கிறான். உடனே விதிகளைக் கழற்ற ஆரம்பிக்கிறார்கள்: முதலில் தண்டனைகள் போகின்றன, பிறகு மாற்று ஆட்டக்காரர்கள், கடைசியில் நேர வரம்பே இல்லை. விதிகள் போகப் போகவும் கேலரி நிரம்பியேதான் இருக்கிறது. படம் வெளிவந்த பிறகு நிஜ லீக் நடத்த உரிமை கேட்டுப் பலர் வந்தார்களாம், ஜூவிசன் கொதித்துப்போனார்.

அதே ஆண்டின் 'டெத் ரேஸ் 2000' ரோஜர் கோர்மன் தயாரிப்பு, பால் பார்டெல் இயக்கம். மலிவான, கூச்சநாச்சமில்லாத, எனக்கு மிகப் பிடித்த படம். ரோட்டில் போகிறவரை இடித்தால் புள்ளி. கிழவருக்கும் குழந்தைக்கும் கூடுதல் புள்ளி. ஆஸ்பத்திரிக்காரர்களே முதியவர்களைச் சக்கர நாற்காலியோடு நடுரோட்டில் விட்டுவிட்டு ஓரமாக நிற்பார்கள். டேவிட் கேரடைன் வண்டியைத் திருப்பி அந்த டாக்டர், நர்ஸ்களை அடித்துத் தள்ளுவார். அதைவிடக் கொடுமையான காட்சி, தன் நாயகனுக்குப் புள்ளி சேரட்டும் என்று ஒரு ரசிகை தானாக வந்து கார் முன்னால் நிற்பது. இது தமிழுக்கு அந்நியமா? 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான அதிகாலையில் கோயம்பேடு ரோகிணி தியேட்டர் முன்னால் லாரிமேல் ஆடிய 19 வயதுப் பையன் கீழே குதித்து உயிரை விட்டான். அந்தக் காட்சியை எடுக்க நம்மிடம் ஒரு பால் பார்டெல் இல்லை, அவ்வளவுதான்.

சரிவு 1987இல் தொடங்குகிறது. 'தி ரன்னிங் மேன்' கடைசியில் கூட்டம் கட்சி மாறி ஸ்வார்ஸ்நெகருக்குக் கைதட்டுகிறது, தொகுப்பாளர் சாகிறார், எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்த கேலரி சாட்சிக் கூண்டுக்கு மாறிக்கொண்டது. கின்ஜி ஃபுகாசாகுவின் 'பேட்டில் ராயல்' (2000) மட்டும் விலக்கு. பதினைந்து வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குண்டுவீச்சில் செத்த பள்ளித் தோழர்களை அப்புறப்படுத்தியவரின் கோபம் அது. 'ஸ்க்விட் கேம்' பணக்காரர்களுக்கோ தங்க முகமூடி. அந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம், நம்முடையதாக மட்டும் இருக்காது.

தமிழில் குத்துச்சண்டைப் படமான 'சார்பட்டா பரம்பரை'க்கு ஆறு வருடம் முன்பே, 2015இல், கல்யாணகிருஷ்ணனின் 'பூலோகம்' வந்துவிட்டது. வசனம் எஸ்.பி. ஜனநாதன். வடசென்னைக் குத்துச்சண்டைப் பகையை ஒரு டிவி முதலாளி ரேட்டிங்காக மாற்றும் கதை. யாரும் பேசாத இந்தப் படம் 'லக்'கைவிடப் பல மடங்கு புத்திசாலி. ஆனால் முதலாளிக்கு வைத்த பெயர் தீபக் ஷா. தீமைக்கு ஒரு சேட்டுப் பெயர் கிடைத்ததும் நம் கேலரிக்கு விடுதலை! சண்டையை விற்பவர்களைத் திட்டும் படம், உச்சக்கட்டத்தில் நேதன் ஜோன்ஸ் என்ற ராட்சத மல்லரை இறக்கி அதே சண்டையை நமக்கு விற்கிறது.

எடுக்க வேண்டிய படம் மும்பையில் வருடாவருடம் நடக்கிறது. தஹி ஹண்டி மனிதக் கோபுரத்துக்கு 2014இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 20 அடி, 18 வயது என்று வரம்பு விதித்தது. 2017இல் உயர வரம்பு போய், வயது 14 ஆனது. 2022 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு அதைச் சாகச விளையாட்டு என்று அறிவித்து, விழுந்து செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. அடுத்த ஆண்டே புரோ கோவிந்தா லீக். ஜூவிசன் கற்பனையில் கழற்றிய விதிகளை நாம் நிஜத்திலேயே கழற்றியிருக்கிறோம். தாராவியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இதை எடுப்பார்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள்: மேடையில் நிற்கும் அரசியல்வாதியை ஃபிரேமுக்கு வெளியே விடுங்கள். கீழே, ஒன்பதாவது அடுக்கு ஏறட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிற எங்களை எடுங்கள்.