எந்தக் கால்டுவெல்?

1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், சேலத்தில் கூடிய மாநாட்டிலேதான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் திராவிடர் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. அந்தச் சேலத்திற்குத் தெற்கே, நாமக்கல் வட்டாரப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியன். விசைத்தறி ஓசையிலேயே உறங்கி, விசைத்தறி ஓசையிலேயே விழிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் அண்மையில் கேட்டான்: "ஐயா, திராவிடம் என்ற சொல்லை உலகறியச் செய்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்கிறீர்களே, அவருக்கு நம்மீது அத்தனை அன்பா?"

"ஆம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். மேடையிலே மாலை சூட்டுவோர் அதைத்தான் செய்கின்றனர். ஆனால், ஏன் எதற்கு என்று கேள் என மாணவனுக்குச் சொல்பவன், தன் மேசைமேல் உள்ள படத்தை மட்டும் அக்கேள்விக்கு விலக்காக்கலாமா?

இராபர்ட் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர். பத்து வயதளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. கிளாஸ்கோ அந்நாளில் எத்தகைய நகரம்? பஞ்சாலைகளின் நகரம், நீராவியும் நிலக்கரிப் புகையும் நிறைந்த நகரம். கைத்தறி நெசவாளன் விசைத்தறியின்முன் வீழ்ந்த நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்று, இலண்டன் மிஷன் சங்கத்தின் தொண்டராக 1837இல் கப்பலேறினார் கால்டுவெல். அதே 1837இல், கூலிக் குறைப்பை எதிர்த்து அந்நகரத்து நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1838 சனவரியில் கால்டுவெல் சென்னையிலே கரையிறங்கினார். அதே சனவரியில் அத்தொழிலாளர் தலைவர் ஐவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது.

ஏழ்மை எங்கிருந்து வருகிறது? ஏழையின் இயல்பிலிருந்தா, அவனை ஏழையாக்கிய ஏற்பாட்டிலிருந்தா? கிளாஸ்கோவின் தெருக்கள் இக்கேள்வியை உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தன. அங்கு வளர்ந்த பாதிரியார் அதற்கு என்ன விடை கண்டார்?

1841இல் இடையன்குடி சென்று பணி தொடங்கினார். பள்ளிகள் எழுந்தன, தெருக்கள் அமைந்தன. அவர் துணைவியார் எலிசா பெண்களுக்குக் கல்வியும் பின்னல் தொழிலும் கற்பித்தார். இவை மறுக்கவியலாத தொண்டு. ஆனால் 1849இல், அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு சிறுநூல் வெளியிட்டார். பனையேறியின் கடும் உழைப்பை அதிலே கூர்ந்து எழுதுகிறார். அடுத்து, அம்மக்கள் அறிவு மந்தமானவர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர், பேயை வணங்குவோர் என்று தீர்ப்பும் எழுதுகிறார். மரத்தின் உச்சிக்கும் மண்ணுக்குமாக நாள் முழுதும் ஏறி இறங்குபவனிடம் ஏட்டறிவு இல்லையே என வியப்பது என்ன ஆராய்ச்சி? ஏடு யார் கையில் இருந்தது? பள்ளிக் கதவு யாருக்கு மூடியிருந்தது? உழைப்பைக் கண்ட கண், அந்த உழைப்பாளியின் இழிநிலைக்குக் காரணமானவர்களைக் காணவில்லை. கிளாஸ்கோ கற்பித்திருக்க வேண்டிய பாடத்தை அவர் கற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அம்மக்களில் கற்றோர் கொதித்தனர். அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857இல் வெள்ளைப் பாதிரிமாரை விட்டு விலகித் தனித் திருச்சபையே கண்டார். அந்தக் கொதிப்பில் இந்நூலுக்கும் பங்குண்டு.

இதே மனிதர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சென்னையில் எல்லிஸ் 1816லேயே தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்று காட்டியிருந்தார். 'திராவிட' என்ற சொல்லும் வடமொழி நூல்களில் முன்பே இருந்ததுதான். கால்டுவெலின் அருஞ்செயல், சான்றுகளை அடுக்கி, மறுக்கவியலாதபடி அதனை நிறுவியது. தமிழ், வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்க வல்லது என்றார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளை ஒப்பிட்டார். அவற்றுள் பாதி, எழுத்தும் ஏடும் இல்லாத மலைமக்களின் மொழிகள். உயர் நாகரிகத்தைத் தென்னாட்டுக்கு ஆரியர் கொணர்ந்தனர் என்னும் கருத்தை அவர் முற்றும் விட்டாரில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், 1849இல் தம் முன்முடிவைப் பேசவிட்டவர், இந்நூலிலே சொற்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவற்றைப் பேசவிட்டார். ஒரே பேனாதான், முறை மாறியது, முடிவும் மாறியது.

அந்த இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பு ஒன்றில், பறையர் திராவிடரா என்ற கேள்வியை எழுப்பி, திராவிடரே என்று விடை கண்டார். நிறத்தில் காணும் வேறுபாட்டுக்கு வெயிலில் உழைப்பதும் நிழலில் வாழ்வதும் காரணம் என்னும் வழியிலே வாதிட்டார். பிறவியிலே காரணம் தேடியவர், வாழ்நிலையிலே காரணம் தேடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். கிளாஸ்கோவின் பாடம் தாமதமாகவேனும் வந்துவிட்டது!

அந்தப் பக்கங்கள் என்னவாயின? கால்டுவெல் 1891இல் மறைந்தார். 1913இல் வயட், இராமகிருஷ்ண பிள்ளை ஆகிய இருவர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பிலே அப்பின்னிணைப்பு நீக்கப்பட்டது. அச்சுருங்கிய பதிப்பையே அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தனர். 1875ஆம் ஆண்டின் முழு நூலைக் கவிதாசரண் பதிப்பகம் 2008இல் வெளியிட்டபோதுதான் பலர் அதைக் கண்டனர். 1968இல் சென்னைக் கடற்கரையிலே கால்டுவெலுக்குச் சிலை வைத்தோம். சிலை முழு உருவம். நாம் படித்த நூலோ வெட்டுண்ட உருவம்!

தோழர்களே, ஒருவரைப் போற்றுவது எளிது, தூற்றுவது அதனினும் எளிது. படிப்பதுதான் கடினம். 1849ஐ மறைத்துவிட்டுப் போற்றினால், இழிவுசெய்யப்பட்ட மக்களுக்கு நாமும் இரண்டகம் செய்தவராவோம். 1875ஐ மறந்துவிட்டுப் போற்றினால், திராவிடர் என்ற பெயரைச் சூடிக்கொண்டே, அப்பெயருக்குள் யார் யார் அடக்கம் என்ற பக்கத்தைக் கிழித்தவரோடு சேர்ந்தவராவோம். இன்றும் நம் ஊர்களில் தனிச் சுடுகாடு கண்டும் காணாதார்போல் நடப்போர் அனைவரும், அந்தப் பக்கத்தை நாள்தோறும் கிழித்துக்கொண்டிருப்பவர்களே.

என் மாணவனுக்கு மறுநாள் விடை சொன்னேன். "தம்பி, அவருடைய அன்பை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அவர் எழுதியதை அளக்கக் கோல் உண்டு. ஓரிடத்தில் உன்னைப் போன்றவனின் வறுமையை அவன் குற்றம் என்றார். பிறிதோரிடத்தில், சாதி கற்பித்த வேற்றுமை பிறப்பின் வேற்றுமை அன்று என்று காட்டினார். முன்னதைத் தள்ளு, பின்னதைக் கொள். இரண்டையும் படித்த பிறகு!"

அவன் அடுத்த கேள்வியைத் தொடுத்தான்: "அந்த 1875ஆம் ஆண்டுப் புத்தகம் நம் பள்ளி நூலகத்தில் இருக்கிறதா, ஐயா?"

இல்லை. வாங்க வேண்டும்.