டிக்கெட் மூடியாச்சு

சப்போர்ட் வேலையில் நான் அதிகம் பார்த்த டிக்கெட் "அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சு" என்பதுதான். ஆள் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார். போனிலுள்ள மெயில் ஆப் மட்டும் பழையதை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆக்டிவ் டைரக்டரி பூட்டிவிடும். திறந்துவிட இரண்டு நிமிஷம் போதும். மதியம் அவரே மறுபடி கூப்பிடுவார்.

டொமைன் கன்ட்ரோலரில் 4740 ஈவென்ட்டைத் தேடினால் தப்பான முயற்சி எங்கிருந்து வருகிறது என்று தடயம் கிடைக்கும். சில சமயம் அங்கே மெயில் சர்வர் பெயர்தான் இருக்கும். அதன் லாகையும் தோண்டணும். அரை மணி நேர வேலை. ஆனா அப்ரைசலில் கேட்பது எத்தனை டிக்கெட் மூடினாய் என்பதுதான். ஒரே ஆளுக்கு மூன்று தடவை திறந்துவிட்டவனுக்கு மூன்று மார்க், காரணத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஒன்று. நானும் இரண்டு வருஷம் மூன்று மார்க் ஆள்தான். பதவி உயர்வும் வந்தது, மறைக்க என்ன இருக்கு?

இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு என்று ஐடிஐஎல் பாடத்தில் எல்லோரும் படிச்சதுதான். எங்கள் டீமில் பிராப்ளம் பதிவேடு மட்டும் காலியாகவே கிடந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. நாள் கணக்கு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் மைக்ரோசாப்டும் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அதை எடுத்துவிட்டது. நான் இருந்த இடத்தில் 90 நாள் விதி அதற்கப்புறமும் அசையவில்லை. எங்களுக்கு வந்த பணமோ டிக்கெட் எண்ணிக்கைக்கு. விதியை எடுக்கச் சொல்லி எங்க பக்கத்திலிருந்து யார் மெயில் போடுவாங்க?